ஓரிரு இடங்களில்

‘ரெட் அலர்ட்’ என்ற சொல் என் அக்காவின் கையில் பிறந்தபோது நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்பத்தூரில் ஒரு சர்ச்சின் பின்னால் இருக்கும் கூடம் அது. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு காது கேளாதவர்கள் அங்கே கூடுவார்கள். ஜெபம் கொஞ்சம், அரட்டை நிறைய. கையால் பேசுகிறவர்களின் அரட்டையில் சத்தமே இருக்காது என்று நினைப்பவர்கள் அந்தக் கூடத்துக்கு வந்ததில்லை. நாற்காலி இழுபடும், மேசையைத் தட்டிக் கூப்பிடுவார்கள், திடீரென்று சிரிப்பு வெடிக்கும்.

அக்காவுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. அவள் கணவர், எனக்கு மாமா, அவருக்கும் அப்படித்தான். எனக்கு வலது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. காதுக்கருவி மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது பாதி காதிலும் பாதி அவர் உதட்டிலுமாகப் புரியும். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் இயற்பியல் படித்தேன், பிறகு வளிமண்டல அறிவியலில் எம்.எஸ்சி., இப்போது அதிலேயே ஆராய்ச்சி. அக்கா பத்தாவதோடு நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்குத் தைக்கப் போனாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு காதுதான்.

எங்கள் துறையின் வாசலில் ‘அனைவரையும் உள்ளடக்கிய உயர்கல்வி’ என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதற்குக் கீழே சக்கர நாற்காலிப் படம். உள்ளே போனதும் எனக்கு முதல் வரிசையில் ஓர் இடமும், வகுப்பில் பேசுவதைத் தானாகவே எழுத்தாக்கிக் காட்டும் ஒரு திரையும் கொடுத்தார்கள். அந்தத் திரை ‘வளிமண்டலம்’ என்பதை ஒவ்வொரு முறையும் ‘வலி மண்டலம்’ என்றே எழுதியது. முதல் செமஸ்டர் முழுக்க நான் வலி மண்டலத்தின் அடுக்குகளைப் படித்தேன். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். வெப்ப இயக்கவியல் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு நாங்கள் எங்கே போவோம் என்றார்கள். தெரியாதவரையாவது கொடுங்கள் என்றேன். எனக்கு வந்த கோபத்தை அளக்க ஒரு கருவி இருந்திருந்தால் முள் உடைந்திருக்கும்.

என் வழிகாட்டிப் பேராசிரியை மட்டும் என் முகத்தைப் பார்த்து நின்று பேசுவார். ஆராய்ச்சிக்கு என்ன தலைப்பு என்று அவர் கேட்ட அன்று, அக்கா எனக்கு அனுப்பியிருந்த ஒரு செய்தியைக் காட்டினேன். யாரோ எல்லோருக்கும் அனுப்பும் மழை எச்சரிக்கை. ஓரிரு இடங்களில் கனமழை, ஓரிரு இடங்களில் மிக கனமழை, ஓரிரு இடங்களில் அதி கனமழை என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே அக்கா தன்னுடைய தமிழில் கேட்டிருந்தாள்: ‘ஓரிரு இடம் எங்கே. நம்ப இடம்?’

மேடம் முதலில் சிரித்தார். பிறகு போனை வாங்கி மறுபடி படித்துவிட்டு, “இதையே பண்ணு” என்றார். காது கேளாதவர்களிடம் புயல் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேருகிறது, என்னவாகப் போய்ச் சேருகிறது என்பது என் ஆராய்ச்சி ஆயிற்று.

அக்காவின் கேள்வி சும்மா வந்ததல்ல. அவர்கள் அப்போதுதான் வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து உள்ளே போனால் நான்கைந்து நகர்கள் தாண்டி வரும் மனை. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. மாடிப்படி பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பதிலாக நடந்த வீட்டு ஜெபத்தன்று நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். தெரு ஒரு பக்கமாகச் சரிந்து அவர்கள் வீட்டருகில் வந்து முடிந்தது. அங்கிருந்து அப்பால் கோரைப்புல். எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் நில வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வருகிற வழியில் அந்தத் தெரு இருந்தது. மாமாவிடம் சொன்னேன். எல்லா மனையும் அப்படித்தான், ஏரி எங்கேயோ இருக்கிறது என்று கையை வீசிக் காட்டினார். அதற்கு மேல் சொன்னால் சண்டை வரும் என்று சாப்பிடப் போனேன். பிரியாணி நன்றாக இருந்தது.

ஆக, சொற்கள் தேவைப்பட்டன. கனமழைக்கு எங்கள் கூட்டத்தில் சைகை இருந்தது. அதையே இன்னும் வேகமாகச் செய்தால் மிக கனமழை. ஆனால் ‘உடனே கிளம்பு’ என்று சொல்லும் ரெட் அலர்ட் என்ற அந்தக் கடைசிப் படிக்கு ஒன்றும் இல்லை. அம்பத்தூர் கூடத்தில் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் அக்காதான் செய்து காட்டினாள். ஆள்காட்டி விரலால் கீழ் உதட்டைத் தொட்டாள், அது சிவப்பு. பிறகு தோளுக்கு அருகிலிருந்து கையை வேகமாக வெளியே எறிந்தாள். விட்டுவிடு, ஓடு. செய்யும்போது அவள் கண் விரிந்தது, கன்னம் உள்ளே போயிற்று. பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வருஷம் ரெட் அலர்ட் வந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச நாளில் மறுபடி வந்தது. மறுபடி லீவு, மறுபடி வெயில், சாயங்காலம் பேருக்கு ஒரு தூறல். இந்த ஊரில் ரெட் அலர்ட் என்றால் யாருக்கு மழை நினைவுக்கு வருகிறது? கலெக்டர் லீவு விட்டாரா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளுக்கோ அந்தச் சைகை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் காது கேட்பவர்கள், வீட்டில் கையாலும் தெருவில் வாயாலும் பேசுபவர்கள். உதட்டைத் தொடு, தோளிலிருந்து எறி. அவர்கள் எறிந்தது ஸ்கூல் பையை. அக்கா மகளுக்கும் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், அப்போது ஒன்றாம் வகுப்பு. கூடத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு அந்தச் சைகையைச் செய்துகொண்டே குதித்து ஓடுவாள். பெரியவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டு.

என் ஆராய்ச்சி முன்வரைவைப் பார்க்கக் குழு கூடியபோது அம்பத்தூர் கூடத்தில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பல்கலைக்கழகத்திலிருந்து கேமராவோடு வந்து எடுத்த வீடியோ. ‘கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ணுங்க’ என்று கேமராக்காரர் சைகை காட்ட, எல்லோரும் சிரித்த முகத்தோடு வரிசையாக உதட்டைத் தொட்டுக் கையை எறிந்தார்கள். என்னையும் அப்படியே எடுத்தார்கள். குழுவில் இருந்த ஒருவர் சொன்னார்: “எவ்ளோ சந்தோஷமா பண்றாங்க பாருங்க!” கை தட்டினார்கள். ஒரு புதிய சொல்லைச் சமூகம் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்குச் சான்று என்று குறிப்பில் எழுதினார்கள். நானும் அன்று பூரித்துப் போய்த்தான் வீட்டுக்கு வந்தேன். கையால் பேசுகிறவர்களுக்கு முகம்தான் குரல். அத்தனை பேர் இருந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த வருஷம் புயல் நெருங்கிய வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே திரையின் முன்னால் நின்றிருந்தோம். வழக்கமாக ஒரு சுழல் கரையை நெருங்கினால் எங்கே கடக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். அன்று திரையில் அது கரையைக் கடக்கவில்லை. கரைக்கு எதிரே வந்து, வேகம் குறைந்து, அப்படியே நின்றது. அடுத்த கணிப்பிலும் நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது. மழை மேகம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரே ஊர்களின் மேல் வந்து விழுந்தது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

“ஓடிப்போற புயலைப் பத்தி எனக்குப் பயம் இல்ல. இது நிக்குது” என்றார். “உங்க பக்கம்தான். வீட்டுக்குப் போ.”

பூந்தமல்லி வழியாக வந்து கரையான்சாவடியில் பஸ் மாறினேன். வானம் மஞ்சளாக இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. காற்றுகூட இல்லை, கடை வாசலில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றும் அசையவில்லை. ரொட்டி வாங்க நின்றேன். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா பெரிய புயலு, போன தபா மாதிரி புஸ்ஸுனு போய்டும் பாரு” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஆவடியில் நானும் அம்மாவும் மாடி வீட்டில் இருக்கிறோம். என்னைப் பார்த்ததும் அம்மா, “இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?” என்றாள். சொன்னேன். “அவள இங்க வரச் சொல்லு மொதல்ல” என்றாள்.

அன்று இரவு அக்கா போனை எடுக்கவில்லை; சனிக்கிழமை சாயங்காலம் அவள் கம்பெனி விட்டு வந்த பிறகு வீடியோவில் கூப்பிட்டேன். அவள் போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தாள். பின்னால் அவள் மகள் எனக்குக் கையாட்டினாள், எனக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைத் தொட்டுக் கையை எறிந்தேன். நாளை, நாளை மறுநாள் என்று காட்டினேன். இங்கே வாருங்கள், மூன்று பேரும் என்றேன். அக்காவின் முகம் மலர்ந்தது. வருகிறோம் என்றாள். மகளிடம் திரும்பி அதே சைகையைச் செய்தாள், அவள் குதித்தாள். வரும்போது மீன் வறுத்து எடுத்து வருகிறேன் என்றாள் அக்கா. எனக்கு ஒரு கணம் நெருடியது. உயிர் தப்பி வருகிறவர்கள் மீனா வறுப்பார்கள்? அவள் எப்போதும் அப்படித்தான், வெறுங்கையோடு அம்மா வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு விடிந்தபோதே மழை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. அவர்கள் எந்த நேரமும் வந்துவிடுவார்கள் என்று அம்மா டீ போட்டு வைத்தாள். டீ ஆறியது. மதியம் ஆனது. செய்தி அனுப்பினால் பார்க்கவில்லை. மறுபடி மறுபடி வீடியோவில் கூப்பிட்ட பிறகு அக்கா எடுத்தாள். பின்னால் ஜன்னல் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் கையில் மசாலா.

ஏன் இன்னும் கிளம்பவில்லை என்றேன்.

மழை கொஞ்சம் விடட்டும், சாயங்காலம் வருகிறோம் என்றாள். லீவு நாளைக்குத்தானே?

லீவு என்பதற்கு அவள் செய்தது உதட்டைத் தொட்டுக் கையை எறிந்த அந்தச் சைகை.

நேற்று நான் சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. திங்கட்கிழமை லீவு, எல்லோரும் அம்மா வீட்டுக்கு வாருங்கள். அவ்வளவுதான். விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மேசையை ஓங்கி அடித்தேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். லீவு இல்லை, தண்ணீர், உன் வீட்டுக்குள் தண்ணீர் வரும், இப்போதே, மாமாவைக் கூப்பிடு என்று கை போன போக்கில் சொன்னேன். பதறிய கை திக்கும், குரல் திக்குவது போலவே. அவள் புருவத்தைச் சுருக்கி, என்ன என்று கேட்கக் கையைத் தூக்கினாள். படம் அப்படியே நின்றது. கரெண்ட் போயிற்றா, டவர் போயிற்றா தெரியவில்லை. மசாலாக் கை பாதி தூக்கிய நிலையில் கொஞ்ச நேரம் திரையில் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று.

அம்மா போன் போட்டாள். பேத்தியாவது எடுப்பாள் என்று. மணியே போகவில்லை. ரயில் நிறுத்திவிட்டார்கள் என்று கீழ் வீட்டில் சொன்னார்கள். தெருமுனையில் இருக்கும் ஷேர் ஆட்டோக்காரரை அம்மா கெஞ்சிக் கூப்பிட்டாள். பட்டாபிராம் வரைக்கும் போனோம். அங்கே ரோட்டின் மேல் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பைக் அதில் சாய்ந்து கிடந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல வண்டி போவாதும்மா. ரோடு எது, பள்ளம் எது, ஒண்ணும் தெரில.”

“நைனா, எம் பொண்ணுக்குக் காது கேக்காது நைனா,” என்றாள் அம்மா. “ஊட்டுக்குள்ள கீறா.”

அவர் எங்களைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வீடு இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். ஒரு டிராக்டரில் மெயின் ரோடு வரை வந்து, அங்கிருந்து நடந்து. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் துண்டு எடுத்து வந்து அக்கா மகளின் தலையைத் துவட்டினேன்.

நடந்ததை அக்கா சொன்னாள். ஞாயிறு இருட்டத் தொடங்கியபோது மாமா ஜன்னலில் நின்றிருக்கிறார். தெருவில் நிறையப் பேர் தலையில் மூட்டையோடு போனார்கள். நான்கைந்து பேர் அவரைப் பார்த்து வாயை அசைத்தார்கள். மழையில் உதடு தெரியவில்லை. எங்கேயோ ஊருக்குப் போகிறார்கள் போல என்று நினைத்து மாமா கையாட்டியிருக்கிறார். அவர்களும் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு தண்ணீர் கதவுக்குக் கீழே வந்தது, பிறகு கட்டிலுக்கு வந்தது. மாடிப்படி இல்லாத வீடு. சமையலறை மேலே சாமான் போடும் லாஃப்டில் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இருட்டு. இருட்டில் அவர்களால் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்களாம். மறுநாள் பகல் யாரோ ரப்பர் படகில் வந்து ஜன்னலை உடைத்து மீட்டு, அன்றிரவு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அக்கா என்னைக் கேட்டாள்: நீ ஏன் சிரித்துக்கொண்டே சொன்னாய்? உன் முகத்தில் லீவுதான் இருந்தது.

இணையதளத்தில் போட்டிருந்த அந்த வீடியோவை நீக்கச் சொல்லித் துறையில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். மேடம் எனக்காகப் போய்ச் சண்டை போட்டார். நல்ல வரவேற்பு இருக்கிறது, வேறு ஊர்களிலும் காட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. இதை எழுதும்போதும் அது பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறது. வரிசையாக நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்து வீடு காயும் வரை அக்கா குடும்பம் எங்களோடு ஆவடியில் இருந்தது. ஒரு சாயங்காலம் லேசாக மழை பிடித்தது. மொட்டை மாடியில் நான் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன், அளவு பார்த்துவிட்டு வர வேண்டும். காதுக்கருவி நனைந்தால் போச்சு என்பதால் அதைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தேன். அக்கா மகள் கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. பயந்துபோயிருக்கிறாள், சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். என் முன்னால் வந்து நின்று, உதடும் கையும் சேர்த்து மெதுவாகச் சொன்னாள்.

“சித்தி, அன்னிக்கு ஒரு தாத்தா கூப்டுகினே இருந்தாரு.”

எங்கே என்றேன்.

“பின்னாடி. ‘யாராச்சும் கீறீங்களா, யாராச்சும் கீறீங்களா’ன்னு. நான் அம்மா கையில எழுதினேன். அம்மாக்குக் கேக்கல. அப்பாக்கும் கேக்கல. நான் இங்க கீறோம்னு கத்தினேன். அவரு திருப்பிக் கூப்டாரு. ரொம்ப நேரம் நாங்க ரெண்டு பேரும் கூப்டுகினே இருந்தோம். அப்பறம் அவரு கூப்டல.”

பின் தெருவில் பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் வாட்ச்மேனைத் தண்ணீர் வடிந்த பிறகு பிணமாக எடுத்தார்கள் என்று மாமா அம்மாவிடம் எழுதிக் காட்டியது எனக்குத் தெரியும். அதை இவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மழை கொஞ்சம் வலுத்தது போல. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவள் தோள் சட்டென்று மேலே ஏறியது. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு என் கையிலிருந்த டப்பாவைத் தொட்டாள், பிறகு தன் காதைத் தொட்டாள்.

“சித்தி, என்னுதக் கூட கழட்டுறியா?”